முந்திரிகைப் பந்தலில் ஒரு சீடி

கனடாவில் இருந்து மாமா அனுப்பிய மடிக்கணினிக்கு வாய் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவன் சுதன்தான்.

சுதனுக்கு ஆறு வயது. முழுப்பெயர் ஜெயசுதன். அவ்வளவு நீளப் பெயரைப் பிழையில்லாமல் எழுத அவனுக்கு இன்னும் வராது. கணினியைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பார்த்தான்.

"அக்கா, உதுக்கு வாயைக் காணேல்லை," என்றான்.

பிரசாந்தி ஓடிவந்தாள். "கவிழ்க்காதையடா, உடையப்போகுது. என்ன வாய்?"

"சீடி போடுற வாய்."

பிரசாந்தி வாங்கிப் பார்த்தாள். அவள் தரம் ஆறில் படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக் கணினியில் சீடி வைக்கும் தட்டு வெளியே நீண்டு வருவதைக் கண்டிருக்கிறாள். இந்தக் கணினியோ ஒரு கொப்பியின் தடிப்புத்தான். ஒரு பக்கத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தன. மறுபக்கத்தில் அதுவும் இல்லை. ஒரு அரிசி மணி உள்ளே போகலாம், சீடி போகாது.

"லப்டொப் வரட்டும், வந்த அண்டைக்கே அம்மான்ரை சீடியைப் போட்டுக் காட்டுறன்" என்று ஒரு மாதமாகத் தம்பிக்கு வாக்குக் கொடுத்து வைத்திருந்தவள் அவள்தான்.

ஐந்து வருடத்துக்கு முதல் அம்மாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. எட்டே நாள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர் திரும்பி வரவில்லை. அப்போது சுதனுக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அம்மாவின் முகம் அவனுக்குத் தெரியும். முன் அறையில் மாலை போட்ட படம் இருக்கிறது. அம்மாவின் குரல்தான் தெரியாது.

"அம்மா எப்பிடிக் கதைப்பா?" என்று அவன் கேட்பான். பல் தீட்டும்போது கேட்பான். சோற்றை வாயில் வைத்துக்கொண்டும் கேட்பான்.

"நல்லாக் கதைப்பா."

"நல்லா எண்டால் எப்பிடி?"

அம்மா சொன்ன சில சொற்கள் பிரசாந்திக்கு நினைவில் இருந்தன. அந்தச் சொற்களின் சத்தம் மட்டும் எப்படியோ அழிந்துபோய்விட்டது. கண்ணை மூடி எவ்வளவோ நினைத்துப் பார்த்துவிட்டாள். வரவில்லை. அம்மாவின் குரலை மறந்த பிள்ளை என்று தன்னை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அப்பாவின் பழைய போனில் அம்மா கதைத்தவை கொஞ்சம் இருந்தன. அந்தப் போன் ஒருநாள் தோட்டத்துக் கிணற்றில் விழுந்தது. மிஞ்சியது சீடியில் இருந்த, சுதனின் பல்லுக்கொழுக்கட்டை வீடியோ ஒன்றுதான்.

குழந்தைக்கு முதல் பல் முளைத்ததும், தேங்காய்த் துண்டுகளைப் பல்லுப் போலக் குத்தி, கொழுக்கட்டை அவிப்பார்கள். குழந்தையை இருத்தி, தலையில் வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டையை மேலே கொட்டுவார்கள். முன்னால் புத்தகம், பேனை, காப்பு, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பி, குழந்தை எதை எடுக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த வீடியோவில் அம்மா சுதனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். கதைத்துக்கொண்டும் இருந்தார்.

"சரி, வாய் இல்லாட்டில் வேறை வழி பாப்பம். சீடியை எடு," என்றாள் பிரசாந்தி.

சுதன் கக்கத்தில் இடுக்கியிருந்த பெட்டியை நீட்டினான். 'ஜெயசுதன் பல்லுக்கொழுக்கட்டை' என்று தங்க நிற எழுத்து. பிரசாந்தி திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை.

வாய் இல்லாத கணினி, சீடி இல்லாத பெட்டி. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரீவி மேசை, அலுமாரி, கட்டிலுக்குக் கீழே என்று வீடு முழுக்கத் தேடினார்கள். ஒரு காற்சட்டைப் பொத்தானும் இரண்டு கரப்பொத்தான் பூச்சியும்தான் அகப்பட்டன.

அப்பா வாகீசன் தோட்டத்தில் நின்றார். வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு முந்திரிகைப் பந்தல் இருக்கிறது. திராட்சையை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். குலைகள் பழுக்கத் தொடங்கினால் மைனாக்களும் கிளிகளும் சொல்லிவைத்தாற்போல வந்து இறங்கும். அவற்றை வெருட்ட அப்பா ஒரு வேலை செய்திருந்தார். அந்த வேலையைப் பிரசாந்தி மூன்று கிழமையாகத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இன்றைக்குத்தான் அது அவள் நெஞ்சில் இடித்தது.

பந்தல் முழுக்கச் சீடிகள். தங்கூசி என்கிற நைலோன் நூலில் கட்டித் தொங்கவிட்ட சீடிகள், காற்றில் சுழன்று, வெயிலில் பளிச்சிட்டுக்கொண்டிருந்தன.

"அப்பா," என்றாள். "உதுகளை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"ரீவிக்கு மேலை பெட்டியில்லாமல் கிடந்ததுகள், பிள்ளை. போட்டுப் பாக்கிற மெசினும் பழைய இரும்புக்குப் போயிட்டுது. சும்மா கிடக்கிறது குருவிக்காவது உதவட்டும் எண்டு..."

மகளின் முகத்தைக் கண்டதும் அப்பாவின் பேச்சு நின்றது.

"பல்லுக்கொழுக்கட்டைச் சீடியைக் காணேல்லை, அப்பா."

அப்பா கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தார். பந்தலுக்குள் குனிந்து நுழைந்தார். மூன்று பேருமாக ஒவ்வொரு சீடியாகப் பிடித்து நிறுத்தி வாசித்தார்கள். யாரோ ஒருவரின் கலியாணம், யாரோ ஒரு பெண் பெரியபிள்ளையான சாமத்திய வீடு, ஒரு கோயில் தேர். எழுத்துகள் எல்லாம் வெயிலில் வெளிறிப்போயிருந்தன.

மூலையில், கிழக்கு வெயில் நேராக விழும் இடத்தில், சுதன் ஒன்றைப் பிடித்தான். எழுத்துக் கூட்டினான். "ல்லு... க்... கொழு... அக்கா, இது நான்."

அப்பா அதை அவிழ்த்தார்.

"பேரைப் பாக்காமலே கட்டினனீங்களோ, அப்பா?" என்று பிரசாந்தி கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தாள். குரல் அழுவது போலத்தான் வந்தது.

"பாக்கேல்லை," என்றார் அப்பா. "உதுகளுக்கை அவவின்ரை ஏதும் இருக்கும் எண்டு தெரியும். பாத்தால் எனக்குக் கை ஓடாது. அதுதான் பாக்காமல் கட்டினன்."

அம்மாவைப் பற்றி அப்பா முதல்முறையாக வாய் திறந்தது அன்றுதான். அதோடு கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்.

பிரசாந்தி சீடியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினாள். பழைய வேட்டித் துணியால், நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக ஒற்றினாள். ஊத்தை போயிற்று. கீறல்கள் போகவில்லை. ஒரு பக்கம் பழுப்பேறியும் இருந்தது.

பின்னேரமே மருதனார்மடம் சந்திக் கடைக்குப் போய்க் கேட்டார்கள். "சீடியோ?" என்று கடைக்கார அண்ணை சிரித்தார். "நீங்கள் கேட்டதுக்குப் பிறகுதான் அப்பிடியொண்டு இருந்ததே எனக்கு ஞாபகம் வருது, தங்கச்சி. அந்த மெசின் இப்ப ஒருத்தரும் வேண்டுறேல்லை. நானும் எடுக்கிறேல்லை."

சுதன் வழியெல்லாம் சீடிப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தான். அதுதான் பிரசாந்திக்குப் பொறுக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியையும் இழுத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனாள். அங்கே பிரதீபா ரீச்சர் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் துணியைக் கீழே வைத்தார்.

"நல்ல நேரத்திலை வந்தனீங்கள். பழைய கொம்பியூட்டர் எல்லாத்தையும் அடுத்த மாதம் பழைய இரும்புக்கு ஏத்தப்போயினம். சீடி போடுறது மூலையிலை ஒண்டுதான் மிச்சம்."

"ஏன் ரீச்சர், புதுசுக்கு வாய் வைக்கேல்லை?" என்று சுதன் கேட்டான்.

"கையிலை கொண்டு திரியிறதெல்லோ, அப்பன். பாரம் குறையவேணும் எண்டு ஒவ்வொண்டாக் கழட்டிப்போட்டாங்கள். நீ பெரிசா வரேக்கை சட்டைப் பையுக்கை மடிச்சு வைக்கிற கொம்பியூட்டர் வரும். படம், வீடியோ எல்லாத்தையும் எங்கையோ தூரத்திலை பெரிய கொம்பியூட்டருகளிலை வைச்சிட்டு, வேணுமெண்டேக்கை எடுத்துப் பாக்கிறதுதான் இனி."

"அங்கை எங்கடை அம்மாவும் இருப்பாவோ?"

ரீச்சர் அவன் தலையைத் தடவினார். "இல்லையடா. உன்ரை அம்மா உந்த வட்டத்துக்கை மட்டுந்தான்."

பழைய கணினியின் பொத்தானை அழுத்தினார். தட்டு வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. ரீச்சர் ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முன்னால் இருந்த ஊசித் துளைக்குள் விட்டு அழுத்தினார். தட்டு பாதி வந்தது. மீதியைப் பிரசாந்தி நகத்தால் இழுத்தாள். சுதன் இரண்டு கையாலும் சீடியை வைத்தான்.

கணினி தண்ணீர் இல்லாத மோட்டரைப் போலக் கத்தியது. நின்றது. திரும்பவும் கத்தியது.

திரையில் அம்மா வந்தார்.

பச்சைச் சேலை. மடியில் சுதன், தலைமயிர் இல்லாமல் ஒரு தேங்காய் போல இருந்தான். அம்மா அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். வாய் நன்றாக அசைந்தது. ஆனால் கேட்டது ஒரு சினிமாத் தாலாட்டு.

அந்தப் பக்கத்து வீடியோக்காரர்கள் செய்கிற வேலைதான் அது என்று பிரசாந்திக்கு விளங்கியது. ஆட்கள் கதைக்கிற சத்தத்தை எடுத்துவிட்டு, வீடியோ முழுக்கப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். அதுதான் வடிவு என்று எல்லாரும் நினைத்தார்கள். அன்றைக்கு அம்மாவும்கூட அப்படித்தான் நினைத்திருப்பார்.

அப்போது சுதன் அவள் கையைப் பிடித்தான். அவன் கண்கள் பெரிதாகிவிட்டன.

"அக்கா," என்று மெல்லச் சொன்னான். "அம்மா பாடுறா."

ரீச்சர் வாயைத் திறந்து, பிரசாந்தியைப் பார்த்து, மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்லப் பிரசாந்திக்கும் மனம் வரவில்லை.

ரீச்சர் வீடியோவை ஒரு பென்ட்ரைவுக்கு மாற்றப் பார்த்தார். அது நாலு துண்டாக இருந்தது. முதல் துண்டு மட்டும் வந்தது. மற்ற மூன்றையும் வெயில் தின்றுவிட்டது. மூன்று தரம் முயன்றும் சரிவரவில்லை. நாலாம் தரம் அந்தப் பழைய கணினி சீடியைச் சுழற்றவே மறுத்துவிட்டது.

அதன்பின் சுதனைப் பிடிக்க முடியவில்லை. மடிக்கணினியில் அந்தத் துண்டை நாளுக்குப் பத்துத் தரம் போட்டான். பாட்டைப் பாடமாக்கினான். "எங்கடை அம்மா என்னை மடியிலை வைச்சுப் பாடினவ," என்று வகுப்பெல்லாம் சொன்னான். அவன் சந்தோசத்தைப் பார்க்கப் பார்க்கப் பிரசாந்திக்கு அழுகைதான் வந்தது. அவன் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது வேறு யாரோ ஒருவரின் குரலை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தார்கள். காங்கேசன்துறை வீதியில் ஒரு மினிபஸ் வந்து நின்றது. அதற்குள் இருந்து அதே தாலாட்டு உரத்துக் கேட்டது.

சுதன் துள்ளினான். "அக்கா, அம்மான்ரை பாட்டு. பஸ்காரருக்கும் எங்கடை அம்மாவைத் தெரியும்."

பஸ் போய்விட்டது. அவன் அது போன திசைக்குக் கை காட்டிக்கொண்டு நின்றான். இனி இதை மறைப்பது பாவம் என்று பிரசாந்திக்குப் பட்டது. நாளைக்கு வகுப்பில் ஒருவன் சொல்லிச் சிரிப்பான். அதற்கு முதல் அக்கா சொல்வதுதான் சரி.

ஒரு மதிலோரம் அவனைக் கூட்டிப்போனாள். புத்தகப் பையை இறக்கி வைத்தாள்.

"சுதன், அது அம்மான்ரை குரல் இல்லையடா. அது படப் பாட்டு. வீடியோ எடுத்தவர் அம்மா கதைச்சதை எடுத்திட்டுப் பாட்டைப் போட்டிட்டார்."

சுதன் அவளையே பார்த்தான். "பொய்."

"உண்மைதான்."

"அப்ப அம்மான்ரை குரல் எங்கை?"

அவன் அவள் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தான். வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனான். பின்னால் வந்தவளும் அழுதாள்.

விளக்கு வைக்கிற நேரம் பிரசாந்தி மடிக்கணினியைத் திறந்து தம்பிக்கு முன்னால் வைத்தாள். சத்தத்தை முழுக்கக் குறைத்தாள். பாட்டுப் போய்விட்டது. திரையில் அம்மா மட்டும் இருந்தார்.

"பார். நான் அப்ப பக்கத்திலைதான் இருந்தனான். அம்மா என்ன சொன்னவ எண்டு எனக்குத் தெரியும். நான் சொல்லுறன்."

அம்மா குனிந்தார். வாய் அசைந்தது. பிரசாந்தி சொன்னாள்: "உனக்கு விருப்பமானதை எடடா குஞ்சு. ஒருத்தருக்கும் பயப்பிடாதை."

சுதன் மூக்கை உறிஞ்சினான். "உது உங்கடை குரல். அம்மான்ரை மாதிரிச் சொல்லுங்கோ."

"எனக்கு அது தெரியாதடா," என்றாள் பிரசாந்தி. அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "எனக்கும் மறந்துபோச்சு. அம்மான்ரை குரல் எனக்கும் மறந்துபோச்சு."

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். சுதன் பயந்துபோனான். அக்கா இப்படி அழுது அவன் கண்டதில்லை. தன் சட்டையின் நுனியைத் தூக்கி அவள் கன்னத்தைத் துடைத்தான்.

வாசலில் அப்பா நின்றார். தோட்டத்தில் இருந்து வந்தவர், காலில் மண்ணோடு நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

பிரசாந்தி நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, உங்களுக்கு ஞாபகம் இருக்கெல்லோ. ஒருக்கால் சொல்லுங்கோவன். தம்பி கேக்கட்டும். நானும் கேக்கிறன்."

அப்பா உள்ளே வரத் தயங்கினார். திரையைப் பார்த்தார். சட்டென்று மறுபக்கம் பார்த்தார். பிறகு காலைக்கூடக் கழுவாமல் வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நிலத்தில் இருந்தார்.

"முதல்லை இருந்து விடு, பிள்ளை."

அம்மா குனிந்தார்.

"குஞ்சு எண்டு சொல்லேல்லை," என்றார் அப்பா. புகையிலை போட்ட கரகரத்த குரல். "'என்ரை துரை' எண்டவ. 'என்ரை துரை, விருப்பமானதை எடு. ஆருக்கும் பயப்பிடாதை, நான் இருக்கிறன்.' அப்பிடிச் சொன்னவ."

சொல்லிவிட்டு அப்பா காலில் காய்ந்திருந்த மண்ணை விரலால் உதிர்த்தார்.

சுதன் அப்பாவின் வாயையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "அம்மாவுக்கு உங்கடை குரல் பொருந்தேல்லை, அப்பா," என்றான்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. "எப்பிடிப் பொருந்தும்? அவ கடகடவெண்டு கதைப்பா. ஒரு சொல்லு முடிய முதல் மற்றது வந்திடும். கோபம் வந்தால் மட்டும் ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாக் கதைப்பா. அவ ஆறுதலாக் கதைச்சால் நான் தோட்டத்துக்கு ஓடிடுவன்."

"சிரிச்சால்?"

"சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும். இப்ப பார், குலுங்கும்."

மூன்று பேரும் பார்த்தார்கள். கொழுக்கட்டைகள் சுதனின் தலையில் இருந்து உருண்டன. அம்மாவின் தோள்கள் குலுங்கின. அப்பா சொன்னபடியே குலுங்கின. இது பிரசாந்திக்கு நினைவு இருந்தது. அந்தத் தோளில் சாய்ந்துகொண்டு தானும் குலுங்கியது நினைவு இருந்தது.

குழந்தை கையை நீட்டியது. புத்தகத்துக்கும் காப்புக்கும் நடுவில் அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது. துண்டு முடிந்துவிட்டது.

"பிறகு?" என்றான் சுதன்.

"பிறகு இல்லையடா. மிச்சம் வெயிலிலை போட்டுது," என்றாள் பிரசாந்தி.

அப்பா திரையில் நின்ற அந்தச் சின்னக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு நீ ஒண்டையும் எடுக்கேல்லை," என்றார். "மடியிலை விழுந்த கொழுக்கட்டையை எடுத்து வாய்க்கை வைச்சனி. எல்லாரும் சிரிச்சிட்டினம். கொம்மா சொன்னா, 'இவன் டொக்டரும் இல்லை, என்ஜினியரும் இல்லை, நல்லாச் சாப்பிடுவான், எனக்கு அது காணும்' எண்டு."

சுதன் அப்பாவின் மடியில் ஏறி இருந்தான். "பிறகு அம்மா என்ன சொன்னவ?"

"பிறகோ? பிறகு கொக்காவுக்குக் கோபம். தன்ரை பல்லுக்கொழுக்கட்டைக்குத் தான் என்ன எடுத்தனான் எண்டு கேட்டு ஒரே அழுகை."

"நானோ?" என்றாள் பிரசாந்தி.

"நீதான். அப்ப அம்மா உன்னைத் தூக்கி வைச்சுக்கொண்டு சொன்னா..."

மடிக்கணினியில் மின்சாரம் தீர்ந்து திரை இருண்டது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.